பேட்டர்ன் 99 பிளேடு: கொரோனேஷன் ஏஸிலிருந்து மாறுபவர்களுக்கு

ஜான் வில்சன் நிறுவனத்தின் பேட்டர்ன் 99, பனித்தள ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜம்ப்புக்கு அருமையான பிளேடு. புது பூட்ஸோடு சேர்த்து மாற்றினால்தான் இரட்டைத் தலைவலி. அதே நிறுவனத்தின் கொரோனேஷன் ஏஸ் பிளேடின் ராக்கர் (அடிப்பக்க வளைவு) 7 அடி ஆரம், பேட்டர்ன் 99-க்கு 8 அடி. ஓட்டம் நிதானப்படுகிறது, ஸ்பின்னில் சமநிலைப் புள்ளியைப் புதிதாகத் தேட வேண்டும். டோ பிக்கும் (பிளேடின் முன்முனைப் பற்கள்) பெரியது, முன்னால் சாய்ந்து பழகியவர்களைத் தடுக்கிவிடும்.

பிளேடைப் பூட்ஸில் பொருத்தும்போது முதலில் அதன் நீள்துளைகளில் மட்டும் திருகுங்கள். ஒற்றைக் காலில் நேராகச் சறுக்கும்போது உட்பக்கம் இழுத்தால், பிளேடை உட்பக்கமாகவே ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். வட்டத்துளைத் திருகுகள் அதற்குப் பிறகுதான்.

பூட்ஸ் பழகும்வரை மேல் கொக்கியில் லேஸ் மாட்டாமல் விட்டால் கணுக்கால் மடிப்பு சரியான இடத்தில் விழும். தடித்த சாக்ஸ் வேண்டவே வேண்டாம். சாணை பிடிப்பவர் டோ பிக்கைத் தேய்த்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.