பி.எச்.க்யூ-9 ஆ, எஸ்.ஆர்.க்யூ-20 ஆ? ராமநாதபுரம் கடலோரத்துக்கு எது பொருந்தும்

கடலோர ஊர்களில் மனநலக் கணக்கெடுப்புக்கு எந்தக் கேள்வித்தாளை எடுப்பது என்று எங்கள் குழுவில் பேச்சு வந்தபோது, கடைசிவரை நின்றவை இரண்டு: மனச்சோர்வை மட்டும் அளக்கும் பி.எச்.க்யூ-9, பொதுவான மன வேதனையைக் கண்டறியும் எஸ்.ஆர்.க்யூ-20. எஸ்.ஆர்.க்யூ-20 போதும் என்று முடிவு செய்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீனவக் குடும்பங்கள். கீழக்கரையில் ஆண்கள் வளைகுடாவில் இருக்க, வீட்டைச் சுமக்கும் முஸ்லிம் பெண்கள். மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழர்கள். எல்லோரும் பேசுவது தமிழ் என்பதால், சென்னையிலோ வேலூரிலோ சரிபார்த்த தமிழ்ப் படிவத்தை அப்படியே கொண்டுவந்தால் ஆயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் இலவசம். பி.எச்.க்யூ-9, 2001இல் அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்து வெளியானது. மனச்சோர்வு பற்றி ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. வழக்கமான வெட்டுப்புள்ளி, அதாவது மருத்துவரிடம் அனுப்ப வைக்கும் எல்லை, 10. எஸ்.ஆர்.க்யூ-20 உலக சுகாதார நிறுவனத்துடையது. இந்தியா உட்பட வளரும் நாடுகளின் ஆரம்ப சுகாதார மையங்களை மனத்தில் வைத்தே உருவானது. இருபது கேள்விகள், ஆமா-இல்லை மட்டும், ஒவ்வொரு ‘ஆமா’வுக்கும் ஒரு மதிப்பெண், கடந்த 30 நாட்கள். ஜி.எச்.க்யூ-12 என்ற இன்னொரு பொது மனநலக் கேள்வித்தாளையும் பார்த்தோம். அதற்கு உரிமம் வாங்க வேண்டும்; அதோடு ‘வழக்கத்தைவிட’ எப்படி என்று கேட்கும். வருஷக்கணக்கில் முகாமில் இருப்பவருக்கு வேதனையே வழக்கமாகிப் போயிருக்கும்.

முடிவைத் தீர்மானித்தது வெட்டுப்புள்ளிதான். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ஒருவரை மருத்துவரிடம் அனுப்புவது? மாலையில் கடலுக்குப் போய்க் காலையில் கரையேறுகிறவரிடம் தூக்கம், அசதி பற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்பார். பி.எச்.க்யூவில் அதற்கே ஆறு மதிப்பெண் விழுந்துவிடும். பத்துக்கு நாலுதான் பாக்கி. எஸ்.ஆர்.க்யூவில் தூக்கம் ஒன்று, அசதி பற்றி இரண்டு, மொத்தம் மூன்று. பல ஆய்வுகள் எடுத்துக்கொண்ட எல்லை எட்டு என்பதால், தொழிலின் களைப்பு மட்டுமே ஒருவரை அவ்வளவு தூரம் தள்ளிவிடாது.

அதற்காக எஸ்.ஆர்.க்யூ குறையில்லாதது என்று சொல்லவில்லை. அதில் உடம்பைப் பற்றிய கேள்விகள் அதிகம். சின்னப்பாலம் கரையில் பாசி எடுக்கிற அக்கா ஒருவரிடம் முதல் கேள்வியைக் கேட்டோம்: “அடிக்கடி தலைவலி வருதாக்கா?” விரலில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “நாள் பூரா தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சா யாருக்குத்தான் வராது?” அந்த ‘ஆமா’வும் கீழக்கரை லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்கா) சொல்கிற ‘ஆமா’வும் தாளில் ஒரே மதிப்பெண். பொருள் வேறு. நோன்பு மாதத்தில் பசி, தூக்கக் கேள்விகளுக்கும் இதே கதி.

ஆகவே எதை எடுத்தாலும் எல்லையை உள்ளூரில், ஒவ்வொரு மக்களிடமும் தனித்தனியே சரிபார்த்தாக வேண்டும். பிரசவித்த பெண்களுக்கான எடின்பரோ கேள்வித்தாள் இதற்கு நல்ல சாட்சி. மூலத்தில் எல்லை 12/13, அதாவது 12 வரை விடலாம், 13 வந்தால் அனுப்ப வேண்டும். வேலூரில் தமிழில் சோதித்தபோது 8/9தான் பொருந்தியது. எஸ்.ஆர்.க்யூ கையேடு, எல்லையை அந்தந்த இடத்தில் சோதித்து வைத்துக்கொள்ளவே சொல்கிறது. பி.எச்.க்யூவின் பத்து எல்லோர் வாயிலும் பதிந்துவிட்டது. அதை மாற்றலாமா என்று கேட்டாலே முறைக்கிறார்கள்.

சரிபார்ப்பது என்றால், அதிக மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் மருத்துவரிடம் காட்டுவதல்ல. குறைவாக வாங்கியவர்களிலும் ஒரு பகுதியை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தாள் யாரைத் தவறவிட்டது என்று தெரியவே தெரியாது. மதிப்பெண் என்னவென்று மருத்துவருக்குச் சொல்லக் கூடாது. மூன்று மக்களின் கணக்கையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால் செய்த வேலை வீண்.

எஸ்.ஆர்.க்யூவை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை இந்தக் கரை மறக்கவில்லை. மனசு பற்றிப் பேச்செடுத்தாலே “எங்கள ஏர்வாடிக்கு அனுப்பப் போறியளா?” என்கிறார்கள். பி.எச்.க்யூ முதல் இரண்டு கேள்வியிலேயே மனசுக்குள் நுழைகிறது. எஸ்.ஆர்.க்யூ தலைவலி, பசி, தூக்கம் என்று தொடங்கி மெதுவாக அங்கே போகிறது. அதற்குள் ஆளுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

சிகிச்சை தொடங்கியபின் நோய் எவ்வளவு குறைந்தது என்று மாதாமாதம் பார்க்க பி.எச்.க்யூதான் நல்லது, ஆமா-இல்லையில் அந்த ஏற்றஇறக்கம் தெரியாது. முகாமில் எங்களுக்கு அனுபவம் குறைவு. கேட்பவர் அரசு ஆளோ என்ற சந்தேகத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்ல வாய்ப்புண்டு. நாலு விடை உள்ள தாள் அங்கே கூடுதலாக எதையாவது பிடிக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வி இரண்டிலும் இருக்கிறது: எஸ்.ஆர்.க்யூவில் 17ஆவது, பி.எச்.க்யூவில் ஒன்பதாவது. அதற்கு ‘ஆமா’ வந்தால் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ராத்திரியானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416க்குப் போன் போட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும்.