மீசப்புலிமலை என்று சொல்லிக் கொழுக்குமலைத் தகரக் கொட்டகையில் படுக்க வைத்தார்கள்

பொங்கல் விடுமுறையில் கேரளத்தில் மூணாறு பக்கம் இருக்கும் மீசப்புலிமலை ஏறலாம் என்று மதுரையிலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். நான், தங்கை, மாப்பிள்ளை, அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். தலைக்கு 4,800 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில். போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எங்களை என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் விட மனசு வரவில்லை.

விளம்பரம் இன்ஸ்டாகிராமில் வந்தது. வன அனுமதியுடன் ட்ரெக்கிங், மேகத்துக்கு நடுவே கேபினில் ஒரு ராத்திரி, கேம்ப் ஃபயர், சாப்பாடு. கேபின் படத்தில் கல் சுவர், கண்ணாடி ஜன்னல், சுற்றிலும் புல்வெளி. அது கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் ரோடோ மேன்ஷன் என்ற தங்குமிடம் என்று பிறகுதான் தெரிந்தது. 2,640 மீட்டர் உயரமுள்ள மீசப்புலிமலைக்கு முறைப்படி போகிறவர்கள் மூணாறு பக்கமிருந்து அந்தக் கழகத்தில் முன்பதிவு செய்து, அங்கேயோ அடிவார முகாமின் கூடாரத்திலோ தங்கி, அவர்களுடைய வழிகாட்டியோடுதான் ஏறுகிறார்கள்.

எங்களுக்கு வந்த தகவலோ, "போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியா சூரியநெல்லி வந்துருங்க ப்ரோ, அங்கிருந்து ஜீப்." அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். சூரியநெல்லி இருப்பது அந்த மலைக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து ஜீப் போகிற இடம் கொழுக்குமலை. தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். 7,000 அடிக்கு மேலே தேயிலைத் தோட்டம், பழைய காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை, சூரியோதயம் பார்க்க வரும் கூட்டம். நல்ல ஊர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் பணம் கட்டியது அதற்கில்லை.

ஜீப் பாதை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, போனவர்களுக்கு இடுப்பு சொல்லும். ஓட்டி வந்த அண்ணன் தமிழர், தோட்டத்துக் குடும்பம். பேச்சுவாக்கில் மீசப்புலி என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "தம்பி, அது மூணாறு வழியா போகணும். இந்தப் பக்கமிருந்து ஏறினா பாரஸ்ட்ல கேஸ் போடுவாங்க. உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். மேலே போய் ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "அவங்க ஜீப் ஓட்டுறவங்க ப்ரோ, ட்ரெக்கிங் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேபினுக்கு வருவோம். தோட்டத்து ஓரச் சரிவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பிளைவுட் அடித்து நான்காகப் பிரித்திருந்தார்கள். தடுப்பு கூரை வரை எட்டவில்லை, அதனால் நாலாவது அறையில் இருமினால் முதல் அறையில் விழிப்பு வரும். ஒரு அறைக்கு மூன்று பேர். தரையில் தார்ப்பாய், மேலே ஸ்பாஞ்ச் மெத்தை. என் மெத்தையை அழுத்திப் பார்த்தேன், விரலுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. கம்பளியில் யாரோ முன்பு போனவர்களின் தைல வாசனை. கழிப்பறை ஒன்று, எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர், அரை டிரம் தண்ணீர். அந்தத் தண்ணீரையே சமைக்கிற பையனும் மொண்டுகொண்டு போனதைத் தங்கை பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பிஸ்கட் தவிர எதையும் தொடவில்லை. சாப்பாடு பத்தரை மணிக்கு வந்தது. ஆறிப்போன குஸ்கா, ஒரு முட்டை. கேம்ப் ஃபயர் என்றது இரண்டு ஈர விறகும் ஒரு டயர்த் துண்டும்.

படத்தில் காட்டிய கேபின் எங்கே என்று கேட்டால், "அது ஃபுல் ஆயிடுச்சு ப்ரோ, இதுவும் கேபின்தான்" என்று பதில்.

சரி, ஒரு ராத்திரிதானே என்று படுத்தோம். குளிரில் யாரும் தூங்கவில்லை. மூன்றே முக்காலுக்கு வழிகாட்டி வந்து எழுப்பினான். பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். கையில் செல்போன் டார்ச். காலில் ரப்பர் செருப்பு. முதலுதவிப் பெட்டியும் இல்லை, கயிறும் இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, டார்ச்சைக் கீழ பார்த்து அடிங்க. மேல பாரஸ்ட்காரங்க வெளிச்சம் தெரிஞ்சா புல்லுல படுத்துக்கங்க, நான் விசில் அடிக்கிறேன்."

அனுமதி வாங்கிப் போகிற இடத்தில் எதற்குப் படுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். பையனிடம் பதில் இல்லை. பாவம், அவனுக்கு அன்றைய கூலி முந்நூறோ நானூறோ.

எனக்குக் குரங்கணிதான் ஞாபகம் வந்தது. 2018 மார்ச் 11, இதே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. நாங்கள் நின்ற இடத்திலும் முழங்கால் உயரத்துக்குப் புல். நாங்கள் மலையில் இருப்பது யார் பதிவேட்டிலும் இல்லை. கால் பிசகி ஒருவர் விழுந்தால்கூட யாரைக் கூப்பிடுவது, எங்கே இருக்கிறோம் என்று எதைச் சொல்வது?

நாங்கள் ஐந்து பேரும் வரவில்லை என்று உட்கார்ந்துவிட்டோம். கொட்டகையில் எங்களோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் ஆறு பேர் போனார்கள். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார்கள். பாதி வழியில் வனக்காவலர்கள் மடக்கிப் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். விசில் அடிக்க வேண்டியவன் அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டானாம்.

அந்த "பர்மிட்" விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு பக்கப் பிடிஎஃப். மேலே முத்திரை, கீழே தேதி, "குழு – 11 பேர்". எங்கள் யார் பெயரும் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை. ஆதார் நகலை எங்களிடம் கேட்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஊர் திரும்பி மூணாறில் உள்ள கழக அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். அந்தத் தேதியில் அப்படி ஒரு முன்பதிவே இல்லை. ஐந்து நிமிடப் பேச்சு. பணம் கட்டுவதற்கு முன் செய்திருந்தால் 24,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். நம் பக்கத்து மலை போதும் என்றால் தமிழ்நாடு வனத்துறையே 2024-ல் 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணைய முன்பதிவு தொடங்கியிருக்கிறது. தேனி மாவட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் உண்டு. வழிகாட்டியையும் அவர்களே அனுப்புகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஏற்பாட்டாளர் முதலில் "மலையில வானிலையைப் பொறுத்து பிளான் மாறும் ப்ரோ" என்றார். அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு தலைக்கு ஆயிரம் தருகிறேன் என்று மொத்தம் 2,000 அனுப்பினார். மூன்றாம் நாள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். உரையாடலையும் ஜிபே ரசீதுகளையும் அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்ததால், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிய முடிந்தது. போலி அனுமதிச் சீட்டுக்காக சைபர் குற்ற உதவி எண் 1930-லும் சொல்லியிருக்கிறேன். இன்னும் எதுவும் நடக்கவில்லை.

அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. போட்டும் பயனில்லை, நான் பார்க்கவே பக்கத்தின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. ஆனால் அடுத்த மாத டிரிப்புக்கு நேற்று ஒரு போஸ்டர் வந்திருக்கிறது. மேலே அதே கல் சுவர்க் கேபின். கீழே, முந்தின பயணத்தில் மகிழ்ந்தவர்கள் என்று ஒரு படம், நெருப்பைச் சுற்றி ஐந்தாறு பேர். இடது ஓரத்தில் சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பது நான்தான்.