வானிலை மையத்தின் புயல் அறிக்கை: பெயரைப் பார்க்காதீர்கள், மழையைப் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கை இலவசம். புயல் என்று அறிவித்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும். புயலின் மையம் எங்கே இருக்கிறது, சென்னையிலிருந்தோ நாகையிலிருந்தோ எத்தனை கி.மீ., எவ்வளவு வேகத்தில் நகர்கிறது எல்லாம் இருக்கும். ‘காலை 8.30 நிலவரம்’ என்று போட்டிருந்தால் அது அளந்த நேரம். அறிக்கை கைக்கு வரும்போது புயல் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பலர் தலைப்பில் இருக்கும் ‘புயல்’, ‘தீவிரப் புயல்’ போன்ற வகைப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் காற்றை மட்டுமே அளக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் ஃபெஞ்சல், மிக்ஜாம் போலத் தனிப் பெயர் சூட்டுவார்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் அதிதீவிரப் புயல், 167-இல் இன்னொரு படி, 222-இல் சூப்பர் புயல். இந்த ஏணியில் மழைக்கு இடமே இல்லை. 2024-இல் ஃபெஞ்சல் வெறும் ‘புயல்’ என்ற படியில்தான் புதுச்சேரி அருகே கரையேறியது. அது வலுவிழந்து உள்ளே போன பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. 2023-இல் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, மூழ்கியதென்னவோ சென்னை.

ஆகவே மாவட்டவாரி மழைப் பகுதிக்குப் போங்கள். கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதிகனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்பதைப் படித்துவிட்டு அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்குள் பெய்யும் என்பதே பொருள். பெய்கிற இடத்தில் எவ்வளவு பெய்யும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

பாதைப் படத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பும் புயலின் அகலம் இல்லை. புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதன் எல்லை அது. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் அடிக்கும். இதை அறிக்கையிலேயே இன்னும் பளிச்சென்று சொல்லலாம்.

ஆங்கில அறிக்கையில் காற்று ‘நாட்’ கணக்கில் வரும்; 1.852-ஆல் பெருக்கினால் கி.மீ. அமெரிக்க வானிலைத் தளத்தின் காற்று வேக எண்ணை இதோடு ஒப்பிட்டு ‘நம்ம ஆட்கள் குறைத்துச் சொல்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வழக்கம். அவர்கள் எடுப்பது ஒரு நிமிடச் சராசரி, நம் மையம் எடுப்பது மூன்று நிமிடச் சராசரி. அதனால் அவர்கள் எண் கூடுதலாகவே வரும். அட்லாண்டிக்கில் ‘ஹரிக்கேன்’ தொடங்குவது மணிக்கு 119 கி.மீ.யில், கிட்டத்தட்ட நம் அதிதீவிரப் புயல்.

இந்தச் சேவையில் சாதாரண ஆளுக்குப் புரியாத பகுதி துறைமுகக் கூண்டு எண்தான், அதாவது கப்பல்களை எச்சரிக்கத் துறைமுகத்தில் ஏற்றும் அடையாளத்தின் எண். 8-ஆம் எண்ணைவிட 10 கடுமை என்று செய்தியில்கூட எழுதுகிறார்கள். 8, 9, 10 மூன்றுக்கும் ஆபத்து ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், அல்லது நேராக வருமா என்பதில்தான் வேறுபாடு. 5, 6, 7-உம் அப்படியே. 11-ஆம் எண் புயலின் வலுவையே குறிப்பதில்லை; வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.