ஃபெயில்ஓவர் கிளஸ்டரா, அவெய்லபிலிட்டி குரூப்பா?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வருக்கு ஹை அவெய்லபிலிட்டி (ஒரு சர்வர் விழுந்தாலும் வேலை நிற்காத ஏற்பாடு) என்று பேச்செடுத்தாலே, "2012-லேயே அவெய்லபிலிட்டி குரூப் வந்தாச்சே, இன்னும் எதுக்குப் பழைய கிளஸ்டர்?" என்பார்கள். விலை குறைந்த ஸ்டாண்டர்டு பதிப்பின் லைசென்ஸோடு ஓட்டும் அலுவலகங்களில் பலவற்றுக்குப் பழையதே போதும் என்பது என் கட்சி.

கிளஸ்டரில் சர்வர் இரண்டு, இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் டேட்டா ஒன்றுதான். ஒரு சர்வர் விழுந்தால் மற்றதில் சர்வீஸ் கிளம்பி, ரெகவரி முடித்து, வேலையைத் தொடரும். இப்படி மாறுவதுதான் ஃபெயில்ஓவர். லாகின் (சர்வருக்குள் நுழையும் கணக்கு), ஏஜென்ட் ஜாப் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) எல்லாம் கூடவே வந்துவிடும். ஆனால் பொது ஸ்டோரேஜே போய்விட்டால் இரண்டு சர்வர் இருந்தும் பிரயோஜனமில்லை.

குரூப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் தனிப் பிரதி உண்டு. ஸ்டோரேஜ் பயம் இல்லை. ஆனால் நகர்வது டேட்டாபேஸ் மட்டும். லாகின்களை நாம்தான் மறு சர்வரிலும் உருவாக்கி வைக்க வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்து எஸ்ஐடி (லாகினின் உள் அடையாள எண்) மட்டும் மாறியிருந்தால், ஃபெயில்ஓவர் ஆன பிறகு லாகின் சர்வர் வரை போகும், டேட்டாபேஸுக்குள் நுழையாது. முதல் சர்வரின் எஸ்ஐடியையே கொடுத்து உருவாக்கினால் இந்த வம்பில்லை. லாகின்களையும் குரூப்போடு சேர்த்தே வைக்கும் 2022 பதிப்பின் கன்டெய்ன்டு குரூப் இதற்கு வழி செய்திருக்கிறது.

"சிங்க்ரனஸ் கமிட் போட்டாச்சு, ஒரு வரி கூடப் போகாது" என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். (மறு சர்வரும் எழுதிக்கொண்ட பிறகே மாற்றத்தை உறுதி செய்வது, அதாவது கமிட் செய்வது, சிங்க்ரனஸ் கமிட்.) மறு சர்வர் 10 விநாடி (டிஃபால்ட் செஷன் டைம்அவுட்) பேசாமல் இருந்தால், முதன்மை சர்வர் காத்திருப்பதை விட்டுத் தனியாகவே கமிட் செய்யத் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து அதுவும் படுத்தால், இடையில் எழுதியது கிடைக்காமல் போகலாம். குறைந்தது ஒரு சிங்க்ரனஸ் பிரதியாவது சேர்ந்தால்தான் கமிட் என்று கட்டாயப்படுத்தும் வசதி 2017-ல் வந்தது. இரண்டே சர்வர் இருக்கும் இடத்தில் அதைப் போட்டால், ஒன்று நின்றால் மற்றதிலும் எழுத முடியாது. பணப் பரிமாற்றத்துக்கு அது சரி, வருகைப் பதிவேட்டுக்கு அதிகம்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஸ்டாண்டர்டில் 2016 முதல் பேசிக் குரூப் உண்டு. ஒரு குரூப்புக்கு ஒரே டேட்டாபேஸ், இரண்டாம் பிரதியில் ரிப்போர்ட் ஓட்ட முடியாது. 30 டேட்டாபேஸ் என்றால் 30 குரூப்! அதே லைசென்ஸில் இரண்டு நோடு (சர்வர்) கிளஸ்டர் ஒரே இன்ஸ்டன்ஸாக (ஒரே எஸ்க்யூஎல் சர்வர் நிறுவலாக) அத்தனையையும் தாங்கும். ரிப்போர்ட்டுக்குத் தனிப் பிரதி வேண்டும், விலை கூடிய எண்டர்பிரைஸ் பதிப்புக்குப் பணமும் இருக்கிறது என்றால் தயங்காமல் குரூப்புக்குப் போகலாம்.

கிளஸ்டரோடு வேறு ஊருக்கு ஒரு லாக் ஷிப்பிங்கும் (லாக் பேக்கப்புகளை அங்கே அனுப்பி ரீஸ்டோர் செய்யும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள். ரீஸ்டோரைச் சில மணி நேரம் தாமதப்படுத்தி வைத்தால், யாராவது எந்த வரிகள் என்று குறிக்கும் வேர் (WHERE) கண்டிஷன் இல்லாமல் டெலீட் அடித்த அன்று கைகொடுக்கும். குரூப்போ அந்த டெலீட்டையும் உடனே மறுபக்கம் சேர்த்துவிடும்.

எதை எடுத்தாலும், இரண்டு நோடு விண்டோஸ் கிளஸ்டருக்கு விட்னஸ் (எந்த நோடு தொடர்வது என்பதில் மூன்றாவது ஓட்டு) அவசியம். விட்னஸாக ஃபைல் ஷேரைப் போட்டால், அதை அதே இரண்டு சர்வரில் ஒன்றில் வைக்காதீர்கள்.