மாத வட்டம்: முன்பள்ளிச் சுவரில் பல வருடப் பயன்பாடு

மாதங்களைப் படிப்பிக்கக் கடையில் வாங்கும் அச்சுப் படத்தைவிட, பிறிஸ்டல் மட்டையில் நாமே வெட்டிச் செய்யும் வட்டம்தான் நின்று உதவுகிறது. அச்சுப் படத்தில் பன்னிரண்டு பெயரும் மேலிருந்து கீழாக வரிசையில் இருக்கும். பிள்ளைகள் பாட்டாகச் சொல்லிவிடுவார்கள். "டிசம்பருக்குப் பிறகு என்ன மாதம்?" என்று கேட்டால் சத்தமே வராது, வரிசை அங்கே முடிந்துவிடுகிறதே. போதாக்குறைக்குப் பல படங்களில் டிசம்பருக்குப் பனிமனிதன் வேறு. மட்டக்களப்பில் டிசம்பர் என்றால் முற்றத்தில் வெள்ளம் நிற்கும் மாதம்.

மட்டை 22க்கு 28 அங்குலம். அதில் 10 அங்குல ஆரையில் வட்டம் கீறுங்கள். அதே 10 அங்குலத்தைப் பரிதியில் வைத்து அடையாளமிட்டுக்கொண்டே சுற்றினால் ஆறு புள்ளிகள் சரியாக விழும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. பாகைமானி தேவையில்லை. பெயர்களை விளிம்போடு வளைத்து எழுதினால் கீழே வரும் ஜூனும் ஜூலையும் தலைகீழாகிவிடும், ஆகவே எல்லாவற்றையும் நேராக எழுதுங்கள். 1, 2, 3 என்று இலக்கம் போட வேண்டாம். பிறகு மணிக்கூடு படிக்கும்போது இரண்டும் குழம்பும்.

நடுவில் அம்புக்குறி பூட்டுவதுதான் பலரும் செய்வது. அதுதான் முதலில் பழுதாகும் பாகம். துளை தளர்ந்ததும் அம்பு தன் பாரத்தில் கீழே சரிந்து ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் போய் நிற்கும். மார்ச் மாதத்திலும் பிள்ளைகள் "ஜூன்" என்பார்கள், பிழை அவர்களுடையதல்ல. அம்பை விட்டுவிட்டு விளிம்பில் உடுப்புக் கிளிப் ஒன்றைக் குத்துங்கள். அதற்கு மட்டையின் பின்னால் மெல்லிய ஹாட்போட் ஒட்ட வேண்டும். ரெஜிபோம் (வெள்ளை நுரைமட்டை) சரிவராது, கிளிப் கடித்த இடம் உதிர்ந்துவிடும்.

ஒட்டுவதற்குக் கோதுமைமாப் பசை பாவித்தால் பூச்சி அரிக்கும். மாரியில் சுவர் ஈரம் இழுப்பதால் சுவரோடு ஒட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள், வட்டத்தின் நடு நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். லெமினேட் செய்தால் நீண்டநாள் உழைக்கும், ஆனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் வெளிச்சம் பட்டுப் பளபளத்து எழுத்துத் தெரியாது.

படங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஜனவரிக்குப் பொங்கல் பானை, ஏப்ரலுக்குப் புத்தாண்டுக் கைவிசேடம், ஒக்டோபருக்குச் சிறுவர் தினம், டிசம்பருக்கு நத்தார் என்பவை ஒட்டிவிடத்தக்கவை. பெப்ரவரி, மார்ச்சுக்கு வேளாண்மை வெட்டு, நவம்பருக்குக் குடை, ஜூன், ஜூலைக்குக் கச்சான் காற்றில் பறக்கும் உடுப்புக்கொடி. தீபாவளியை ஒட்டக்கூடாது, அது ஒக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தமும் அப்படித்தான்: ஆடி அமாவாசை ஒரு வருடம் ஜூலையில், இன்னொரு வருடம் ஓகஸ்டில். றமழான் நோன்போ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். 2020இல் ஏப்ரல் கடைசியில் தொடங்கியது, 2026இல் பெப்ரவரிக்கு வந்துவிட்டது. காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் இதை ஒட்டிவைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் பிழையான படமாகிவிடும். இவற்றுக்கெல்லாம் தனித்தனி அட்டை, தனித்தனி கிளிப்.

தமிழ் மாதங்களை அதே கட்டத்துக்குள் எழுத வேண்டாம். தை பிறப்பது ஜனவரி நடுவில். இரண்டாம் வகுப்புக்கு மேல் வேண்டுமானால், அரைக் கட்டம் தள்ளி வெளிவளையம் ஒன்று சேர்க்கலாம்.

பாவிக்கும் விதம் இலேசு. மாதத்தின் முதல் பள்ளிநாளில் ஒரு பிள்ளை கிளிப்பை நகர்த்தும். "போன மாதம் எங்க நிண்டது? வாற மாதம் எங்க போகும்?" இந்த இரண்டு கேள்வி போதும். நீண்ட விடுமுறை முடிந்து வரும்போது ரீச்சர் முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிட்டால், இடையில் ஒரு மாதம் கழிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். பிள்ளைகள் வந்த பிறகு, அவர்கள் கையாலேயே ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வையுங்கள்.

பிறந்தநாள் பெயர்களை அந்தந்த மாதத்தில் ஒட்டும்போது ஏதாவது ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும், அந்த மாதத்தைப் பிள்ளைகள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அங்கே ரீச்சர்மாரின் பெயரையோ வாசலில் நிற்கும் மாமாவின் பெயரையோ போடலாம்.

சொல்லும்போது வழக்கமாகத் தடுக்குவது இரண்டு இடம். ஜூனும் ஜூலையும் ஒட்டி ஒரே பெயராகும். 'பர்' என்று முடிகிறவை இடம்மாறும். ஜூனுக்கு எழும்பவும் ஜூலைக்கு இருக்கவும் சொன்னால் முதலாவது தீரும். இரண்டாவதற்கு மும்மூன்றாகப் பிரித்துச் சொல்ல வைத்து, ஜனவரியை விட்டு வேறொரு மாதத்தில் தொடங்க வேண்டும். எப்போதும் ஜனவரியில் தொடங்கும் பிள்ளைக்கு ஓகஸ்டின் அடுத்தது வேண்டுமென்றால், முதலிலிருந்து முழுவதையும் சொல்லித்தான் வந்து சேரும். கைமுட்டியில் 30, 31 எண்ணுவது இந்த வயதுக்கு வேண்டாத வேலை.

கடற்கரைப் பக்கப் பள்ளிகளில் கிளிப்பின் கம்பிச்சுருள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் நொறுங்கும், மரக் கிளிப் கூடுதல் காலம் தாங்கும். மேலதிகமாக நாலைந்தை அலுமாரியில் போட்டு வையுங்கள்.