அல்கலைன் வாட்டர் மெஷின்: லட்ச ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

குடிநீரை மின்னாற்பகுத்துக் காரநீராக மாற்றித் தரும் 'அயனைசர்' மெஷின்கள் பெரும்பாலும் கடை வழியாக விற்பதில்லை. தெரிந்தவர் யாராவது வீட்டுக்கே வந்து டெமோ காட்டுவார், கையோடு ஏஜென்சி எடுக்கவும் அழைப்பார். உள்ளே இருக்கும் மின்தட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து விலை லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். இந்த விலையில் பெரும் பங்கு மெஷினோடு சேர்த்து விற்கப்படும் ஒரு நோய்க் கொள்கைக்குப் போகிறது. உடம்பில் அமிலம் சேர்வதுதான் எல்லா நோய்க்கும் வேர், உடம்பைக் காரமாக்கிவிட்டால் சர்க்கரை முதல் புற்றுநோய் வரை எதுவும் அண்டாது என்பது அந்தக் கொள்கை. மெஷினையும் கொள்கையையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும்.

முதலில் மெஷின். குழாய்த் தண்ணீர் ஒரு கார்பன் ஃபில்டர் வழியாக உள்ளே போகிறது. குளோரின் வாடை அங்கேயே போய்விடும். அடுத்து பிளாட்டினம் பூசிய டைட்டானியம் தட்டுகள், அவற்றுக்கு இடையே மெல்லிய சவ்வுகள். தட்டுகளில் நேர்மின்னோட்டம் பாயும்போது நெகட்டிவ் பக்கம் ஹைட்ரஜன் வாயு கிளம்பி ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம் அந்தப் பக்கம் ஒதுங்குகின்றன. பாசிட்டிவ் பக்கம் ஆக்சிஜனும் அமிலமும் உருவாகின்றன. குளோரைடும் சல்ஃபேட்டும் அங்கே போகின்றன. மேல் குழாயில் வருவது காரநீர், கீழ்க் குழாயில் வழிவது அமிலநீர். 8.5, 9, 9.5 என்று பட்டனில் போட்டிருக்கும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம்), உள்ளே வரும் தண்ணீர் சரியாக இருந்தால் ஏறத்தாழ வந்துவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஜப்பானில் 1965-லேயே இவ்வகை மெஷினுக்கு அரசு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி அஜீரணம், வயிற்றுப்போக்கு போன்ற வயிற்று உபாதைகளோடு நின்றுவிட்டது. விற்பவர்கள் அனுமதியைச் சொல்வார்கள், அதன் எல்லையைச் சொல்லமாட்டார்கள்.

'உள்ளே வரும் தண்ணீர் சரியாக இருந்தால்' என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். மெஷின் வேலை செய்யத் தண்ணீரில் உப்புகள் வேண்டும். ஏற்கெனவே ஆர்.ஓ. வைத்திருக்கும் வீட்டில் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு) 30, 40 என்று இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரை இதில் விட்டால் மின்சாரம் சரியாகக் கடக்காது, பி.எச். லேசாக நகர்ந்து நின்றுவிடும். ஆர்.ஓ.வைக் கழற்றிவிட்டு நேராக போர் தண்ணீரை விடச் சொன்னால், கடின நீரிலுள்ள கால்சியம் காரம் பட்டதும் சுண்ணாம்பாகித் தட்டிலும் சவ்விலும் படியும். டம்ளரில் வெள்ளைத் துகள் மிதந்தால் அதுதான் காரணம். முக்கியமாக, இது சுத்திகரிப்புக் கருவியே அல்ல. டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது, நைட்ரேட்டையும் ஃப்ளூரைடையும் நீக்குவதற்கு இதை நம்ப முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு உள்ள ஊர்களில் ஆர்.ஓ.வை எடுத்துவிட்டு இதை மாட்டுவது பல்லுக்கும் எலும்புக்கும் நேரடிக் கேடு.

இனி அந்த 9.5 என்ற எண். பி.எச். என்பது வேறு, அமிலத்தை முறிக்கும் கொள்ளளவு வேறு. இரண்டாவதற்கு நீர்ப் பரிசோதனை அறிக்கையில் 'மொத்தக் காரத்தன்மை' என்று பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.எச். 9.5 உள்ள ஒரு லிட்டர் நீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு சுமார் 0.03 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேதியியல் அலகு). பி.எச். 1.5 உள்ள இரைப்பை அமிலத்தில் இது எவ்வளவை முறிக்கும்? ஒரு மில்லி. இரைப்பையில் ஒரு நாளைக்குச் சுரப்பது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்! சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால், பி.எச். வெறும் 7.5 என்றாலும், அதிலுள்ள பைகார்பனேட் அதே அமிலத்தில் சுமார் 125 மில்லியை முறித்துவிடும். மெஷின் தண்ணீர் குடித்து நெஞ்செரிச்சல் அடங்கியது என்று சொல்பவர்களுக்கு வேலை செய்திருப்பதும் பெரும்பாலும் முன்பே தண்ணீரில் இருந்த இந்த பைகார்பனேட்தான். ஒரு லிட்டரில் அரை கிராம் சமையல் சோடா போட்டால் கிட்டத்தட்ட 190 மில்லிக்கு ஈடாகும். செலவு சில பைசா. (அதில் 137 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பதால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.)

இரைப்பையைத் தாண்டினால் கொள்கை இன்னும் தடுமாறுகிறது. ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. உடம்பு ஒரு நாளில் சுமார் 15,000 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது, நுரையீரல் அதை ஊதி வெளியேற்றுகிறது. எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரகம் கழிக்கிறது. குடலுக்கு வரும் இரைப்பை அமிலத்தை முறிக்கக் கணையம் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் காரச் சாறு சுரக்கிறது. பி.எச். பட்டனைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த ஏற்பாடு அசைவதில்லை. ஒருவருக்கு உண்மையாகவே ரத்தம் அமிலமானால் (சர்க்கரை கட்டுக்கடங்காமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறும்போதும் சிறுநீரகம் செயலிழக்கும்போதும் அப்படி ஆகும்) அவர் ஐ.சி.யு.வில் இருக்கவேண்டியவர். சிறுநீரில் லிட்மஸ் தாள் நனைத்து 'பாருங்கள், உங்கள் உடம்பு அமிலம்' என்று காட்டுவதும் உண்டு. சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை சாப்பாட்டுக்கேற்ப மாறும். சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

டெமோவில் காட்டுபவை எல்லாம் நிஜமான வேதியியல்தான், விளக்கம்தான் வேறு. பி.எச்.சை நிறத்தால் காட்டும் சொட்டுக் கரைசலை விட்டதும் ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாகும்: அதில் பைகார்பனேட் குறைவு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்தாலே பி.எச். ஆறை ஒட்டி இறங்கிவிடும், அதனால் உடம்புக்குக் கெடுதல் ஏதுமில்லை. பீட்டாடைன் (காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து) கலந்த தண்ணீரில் மெஷின் நீரை ஊற்றினால் பழுப்பு நிறம் மறையும். 'ஆன்டி ஆக்சிடன்ட் சக்தி' என்பார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றினாலும் அதே நிறம் அதேபோல மறையும், ஏனென்றால் அயோடின் காரத்தில் நிறமற்ற உப்பாக மாறுகிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பதைப் பார்த்த ஊரில் நிறமாற்றத்தைக் காட்டி இவ்வளவு விற்க முடிவது வியப்புதான். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்போல் ஆகும் டெமோவுக்கு எடுப்பது 9.5 தண்ணீர் அல்ல, பி.எச். 11-க்கு மேற்பட்டது. உப்புக் கரைசல் சேர்த்து உண்டாக்கும் அது நீர்த்த காஸ்டிக் சோடா; குடிக்கக்கூடாது என்று மெஷினின் கையேடே சொல்கிறது. டெமோ பார்ப்பவரோ குடிக்கும் தண்ணீரும் இதுவும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார். தண்ணீர் மூலக்கூறுகளின் 'கொத்து' சிறிதாகி செல்லுக்குள் சீக்கிரம் போகும் என்பதை விட்டுவிடலாம். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் அறுந்து சேர்பவை, டம்ளர் வரை எந்தக் கொத்தும் வராது.

டெமோவில் ஓ.ஆர்.பி. மீட்டர் (தண்ணீர் எலக்ட்ரானைத் தருமா, பறிக்குமா என்று காட்டும் கருவி) மைனஸ் காட்டுவதற்குக் காரணம் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு. இந்தத் தண்ணீரில் ஆராய்ச்சிக்குரிய விஷயம் என்று ஏதாவது இருந்தால் இதுதான். 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் ஹைட்ரஜன் வாயு மூளைப் பாதிப்பைக் குறைத்ததாக வெளியிட்டார்கள். அதன்பின் மனிதர்களிடம் சிறு ஆய்வுகள் வந்துள்ளன, மருத்துவமாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு எதுவும் எட்டவில்லை. ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 1.6 மில்லிகிராம்தான் கரையும், அதுவும் திறந்த பாத்திரத்தில் சில மணி நேரத்தில் பறந்துவிடும். இருபது லிட்டர் கேனில் பிடித்து அக்கம்பக்கத்துக்கு விநியோகிப்பவர்கள் கொடுப்பது வெறும் காரநீர்.

புற்றுநோய் பேச்சு வந்தால் ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் பெயர் வரும். அவர் 1931-ல் நோபல் பெற்றது செல்லின் சுவாச நொதி பற்றிய கண்டுபிடிப்புக்காக. காரச் சூழலில் புற்றுநோய் வாழாது என்று கண்டதற்கு அல்ல. புற்றுச் செல்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன என்பது அவர் கண்டது. அதாவது கட்டி முதலில், அமிலம் அதன் விளைவு. விற்பனைப் பேச்சில் இது தலைகீழாகிறது. இந்த அமில-காரக் கொள்கையை அமெரிக்காவில் பரப்பிய ராபர்ட் யங், உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர். அவர் பேச்சை நம்பி வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்த புற்றுநோயாளி ஒருவருக்கு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி 2018-ல் ஜூரி தீர்ப்பளித்தது.

வாங்கி வைத்துவிட்டவர்கள் தூக்கி எறியவேண்டியதில்லை. 8.5-க்கு மேல் பட்டனை ஏற்றாதீர்கள்; இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான். மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரில் விழுங்குங்கள், குடலில் கரையவேண்டிய பூச்சு சில மாத்திரைகளில் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் கலக்க இது வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் பிடிக்காதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் வரத்து குறைந்தாலோ பி.எச். ஏறாவிட்டாலோ முதலில் சந்தேகிக்கவேண்டியது சுண்ணாம்புப் படிவு: லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, கையேட்டில் உள்ள முறைப்படி ஓடவிட்டுப் பிறகு நன்றாக அலசுங்கள். கீழ்க் குழாய் அமிலநீரைப் பாத்திரம் கழுவ, தரை துடைக்கப் பிடித்து வையுங்கள், சாக்கடைக்குப் போகவேண்டாம். உப்பு சேர்த்து எடுக்கும் 2.5 பி.எச். நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் இருப்பதால் அது உண்மையிலேயே கிருமிநாசினி. ஆனால் குளோரின் வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பிடிக்கவேண்டும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பதே எங்கள் மதிப்பீடு. சர்க்கரை, புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்பவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற கணக்கைக் காட்டினால், 2021 நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தைத் தடை செய்திருப்பதை நினைவூட்டுங்கள். தண்ணீரைப் பற்றித்தான் கவலை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். டி.டி.எஸ்., கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை, நைட்ரேட், ஃப்ளூரைடு ஐந்தையும் கேளுங்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலோ டி.டி.எஸ். 2,000-க்கு மேலோ இருந்தால் ஆர்.ஓ. தேவை. டி.டி.எஸ். 500-க்குள், கடினத்தன்மையும் காரத்தன்மையும் 200-க்குள், நைட்ரேட் 45-க்குள், ஃப்ளூரைடு 1-க்குள் என்றால் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் போதும்.