மூலைக்கு அந்தப் பக்கம் பார்ப்பது: எந்த வழி எதற்கு?

வேலூர் லாங்கு பஜார் சந்து முனையில் ஒரு குவியாடி இருந்தால், எதிரே வரும் மூட்டை வண்டி தெரிந்துவிடும். ஆடியே இல்லாமல், சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரை வைத்து அதைப் பார்க்க முடியுமா? முடியும். எப்படி என்பதில்தான் போட்டி.

மூத்த வழி, நேரத்தை அளப்பது. 2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் வெல்டன், ரமேஷ் ரஸ்கர் குழு செய்து காட்டியது. சுவரில் விட்டு விட்டு அடித்த லேசர் சிதறி, மறைந்த பொருளில் பட்டு, திரும்பவும் சுவர் வழியாகக் கேமராவுக்கு வருகிறது. ஒளி 1 நானோ நொடியில் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) 30 செ.மீ. ஓடிவிடும் என்பதால், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பிகோ நொடிக் கணக்கில் அளக்கும் கருவி வேண்டும், அப்போது அதன் விலை எக்கச்சக்கம். முப்பரிமாண வடிவம் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. ஆள் நிற்பது தெரியும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

எனக்குப் பிடித்தது 2020-ல் மெட்ஸ்லர், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அசோக் வீரராகவன் முதலியோர் வெளியிட்ட வழி. விட்டு விட்டு அடிக்காமல் தொடர்ந்து எரியும் லேசர், சாதாரண சென்சார், அவ்வளவுதான். லேசர் பட்ட சுவரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னுமே, அந்த ஸ்பெக்கிளில் மறைந்த பொருளின் உருவத்தை அதன் நகலின் மேல் நகர்த்திப் பார்த்தால் எங்கெங்கே எவ்வளவு பொருந்தும் என்ற கணக்கு ஒளிந்திருக்கிறது. அதுவரை இயற்பியல் கொண்டுவந்து விடும். அதிலிருந்து உருவத்தை மீட்கப் போனால், இரைச்சல் (படத்தில் கலந்துவிடும் தாறுமாறான பிழை) கூடியதும் பழைய அல்காரிதங்கள் படுத்துவிடும். டீப் லேர்னிங், அதாவது மாதிரிகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை, கை கொடுப்பது அங்கேதான். பயிற்சிக்கு நிஜச் சோதனையில் எடுத்த படங்கள்கூட வேண்டியிருக்கவில்லை. இரைச்சலின் தன்மையைக் கணித்து, கணினியிலேயே தயாரித்த மாதிரிகள் போதுமாயின. வெறும் சுவர்ப் படங்களைக் கொட்டிப் பழக்கியிருந்தால், சுவர் மாறினதும் தடுமாறியிருக்கும் என்பது என் கணிப்பு. 1 மீட்டர் தள்ளி மறைந்திருந்த 1 செ.மீ. உயர எழுத்து, தலா 1/8 நொடி ஒளிப்பதிவு இரண்டில் படிக்கக் கிடைத்தது. ஆனால் பார்வைப் பரப்பு சின்னது, வண்டியெல்லாம் அடங்காது.

அப்புறம் ரேடார். அதன் அலைநீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால் நமக்குச் சொரசொரப்பான சுவர் அதற்குக் கண்ணாடி மாதிரி. படம் வராது, நடப்பவர், சைக்கிள் வருவது தெரியும்.

சித்திரை வெயிலில் காயும் வேலூர்ச் சுவரில், மும்முறை சிதறி வரும் லேசரின் மினுக்கைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ரேடாருக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே தெருவுக்கு ரேடார். இருட்டறையில் எழுத்தைப் படிக்க ஸ்பெக்கிள். காட்பாடிப் பக்கம் பிராஜெக்ட் தேடும் மாணவர்களுக்கோ, இரண்டையும் விட 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் காட்டிய வழிதான் கட்டுப்படியாகும்: லேசரே வேண்டாம், சாதாரண டிஜிட்டல் கேமரா, மறைந்த படத்தைக் காட்ட ஒரு எல்.சி.டி. திரை, நடுவே ஒளியை மறைக்க ஒரு பொருள், அதன் அரைநிழல் (மங்கலான ஓர நிழல்) விழ ஒரு வெள்ளைச் சுவர்.